அப்பாவின் தேன்பெட்டிக்கு நான் வாசித்தது

அப்பா செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவரோடு எனக்குக் கோபம் வந்தது போன மாசி மாதம்தான். செத்தவரோடு கோபிப்பது பாவம் என்று சொல்வார்கள். பாவமென்றால் இருக்கட்டும்.

நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பந்தலுக்குப் பின்னால், அடுப்படியில்தான் என் இடம். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போனபோதும், பிறகு சண்டைக்குள் அகப்பட்டு முகாம் முகாமாகத் திரிந்தபோதும், நிவாரண வரிசையில் நின்று பெயர் சொன்னால் என் குரல் எனக்கே கேட்காது. எழுதுகிற பிள்ளைகள் இரண்டு மூன்று தடவை கேட்பார்கள். கையெழுத்து வைக்கச் சொன்னால் பெருவிரலை நீட்டிவிடுவேன். எனக்கு எழுத்துத் தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் பயம். அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் வாகரைப் பக்கம். ஒரு புறம் கடல், மறு புறம் உப்பங்கழிக் களப்பு, நடுவில் மணலும் மரமுந்திரிகையும். வீடும் அதைச் சுற்றிய வளவும் அம்மாவுடையவை. எங்கள் பகுதியில் அவை பெண்ணுக்குத்தான் போகும். ஆண் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அப்பா வெளியூரான படுவான்கரையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி மாமா வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிச் சிரிப்பார். மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன், கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர். அம்மன் கோயிலைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவருடைய மடியில்தான் இருக்கும். வயல் அம்மாவின் சீதனம், தோணி மாமாவுடையது. அப்பா அந்த வயலை உழுது, அந்தத் தோணியில் வலை போட்டு, அந்த வீட்டில் சாப்பிட்டார். வேலியில் ஒரு கட்டை மாற்றுவதென்றாலும் மச்சானிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார்.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு ஒரு தேன்பெட்டி கிடைத்தது.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்து, பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி, வீட்டில் தேன்பூச்சி வளர்க்க யாருக்கு விருப்பம் என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். தேனென்றால் காட்டில் இருப்பது, வேடர் கொண்டுவந்து தருவது. மாட்டைப் போல அதைக் கட்டி வளர்ப்பதா என்று கேட்டார்கள். அப்பா கை தூக்கினார். மாமா அன்றைக்குக் களப்பில் நின்றார். இல்லையென்றால் அந்தக் கை உயர்ந்திருக்காது.

சட்டங்கள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி, நாலு கால், பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். மாமாவுக்குத் தேவாரம் மனப்பாடம், எழுத்துக் கொஞ்சம் மட்டம். ஆகவே புத்தகம் என் கைக்கு வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்றதும் முந்திரிகை மரத்தடியில் குந்துவோம். நான் வாசிப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கோயிலில் கதை கேட்பது போல. ஒரு வரி முடிந்தால், "இன்னொருக்கா" என்பார். மூன்றாம் தடவை தானே சொல்லிப் பார்ப்பார். அந்தப் புத்தகம் முழுவதும் பதினைந்து நாளில் அவருக்குப் பாடமாகிவிட்டது. எனக்குந்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

பூச்சிக் கூட்டம் பிடிக்கப் பாலை மரப்பொந்து ஒன்றுக்குப் போனோம். அப்பா புகை போட்டுப் பொந்தைப் பெருப்பித்து, தேனடை வதைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். நான் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நின்று, வரி வரியாகச் சத்தமாக வாசித்தேன். இராணியைக் கையால் நசுக்கிவிடாதே என்று புத்தகத்தில் இருந்தது. அப்பா அவளை ஒரு தென்னோலைச் சுருளுக்குள் விட்டு, குழந்தையைத் தூக்குவது போலக் கொண்டுவந்தார். முகத்தில் ஒன்பது கொட்டு. கொடுக்கைப் பிடித்து இழுத்தால் நஞ்சு உள்ளே போகும், நகத்தால் சுரண்டி எடுக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னபடி நான்தான் எடுத்தேன். இடது கண் மூடிப்போயிற்று. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு கண்ணைக் காட்டில வச்சித்து வந்திட்டீங்களா மச்சான்?" என்றார். அப்பாவும் சிரித்தார். வீங்கின முகத்தோடு அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தெரியாத தொழில் என்பதால் பிழைகளும் விட்டோம். கிழமைக்கு ஒரு தடவை திறந்து பார் என்று புத்தகம் சொன்னது. அப்பாவுக்குப் பொறுக்காது, நாளுக்கு இரண்டு தடவை மூடியைத் தூக்குவார். பூச்சிகள் கோபித்துக்கொண்டு வாசலில் வந்து குவிந்து நிற்கும். எறும்பு ஏறி ஒரு வதையைத் தின்றது. பிறகு பெட்டியின் நாலு காலையும் தண்ணீர் நிறைத்த சிரட்டைகளுக்குள் வைத்தோம். சிரட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பெட்டிக்கு முன்னால் நின்று பூச்சிகளின் பாதையை மறிக்கக்கூடாது, வேர்வை நாற்றத்தோடு போகக்கூடாது, பதறக்கூடாது. ஒரு மாதத்தில் எங்கள் இருவருக்கும் அவை கொட்டுவது குறைந்துவிட்டது. அப்பா பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கட ரெண்டு பேர்ர, புள்ள" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வளவுக்குள் அவர் எதையும் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நான் அவ்வளவு மடைச்சி.

வைகாசி பிறந்தது. பாலையும் வீரையும் பூத்து, பெட்டி பாரமாகிவிட்டது. சட்டத்தைத் தூக்கினால் வதையின் மேற்பாதி வெள்ளை மெழுகால் மூடியிருந்தது. அதே மாதம் அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு. ஊரிலுள்ள ஒவ்வொரு குடியும், தாய்வழிச் சொந்தமெல்லாம் சேர்ந்து, மடைப் படையல் வைக்கும். எந்தக் குடியின் மடை எப்படி இருந்தது என்று அடுத்த குளிர்த்தி வரைக்கும் பேசுவார்கள். மாமா கோயில் கூட்டத்தில் எழும்பி, இந்த முறை எங்கள் குடி மடைக்கு வேடரின் தேன் இல்லை, எங்கள் வளவிலேயே எடுத்த தேன் ஒரு மண்முட்டி நிறைய வரும் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்பார்? பெட்டி நிற்பது தங்கச்சியின் வளவில்.

எடுக்கிற நாளன்று மாமா முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு புது முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அம்மாவும் அக்காவும் அடுப்படி வாசலில் நின்றார்கள். என்னை அப்பா பக்கத்தில் நிறுத்தி, வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். இன்றைக்கும் அந்த வரி என் நாக்கில் இருக்கிறது:

"தேன் எடுக்கும்போது வதைகளிற் பாதியைத் தேனீக்களின் உணவுக்காக விட்டுவிடுதல் வேண்டும். முழுவதும் எடுப்பின் கூட்டம் கலைந்துவிடும்."

அப்பா பாதியை எடுத்தார். பிழிந்து வடித்தபோது முட்டியில் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மாமா முட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"குறைமுட்டி அம்மனுக்கு வைக்கிறல்ல மச்சான்."

அது உண்மைதான். எங்கள் கோயிலில் வாய் நிறையாத முட்டியை மடையில் வைக்கமாட்டார்கள். சின்ன முட்டி ஒன்று எடுத்திருந்தால் நிறைந்திருக்கும். ஆனால் கோயில் கூட்டத்தில் மாமா கை விரித்துக் காட்டிய அளவு இந்த முட்டியின் அளவு.

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னொருக்கா வாசி புள்ள" என்றார். வாசித்தேன். அப்பா பெட்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மறுபடியும் வாசிக்கச் சொல்வார் என்று நான் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டி, "தா" என்றார். கொடுத்தேன். புகை காணாது என்று சொல்லிக்கொண்டு புத்தகத்தை இரண்டாகக் கிழித்துப் புகைச்சட்டிக்குள் வைத்து ஊதினார். பக்கத்தில் புகைக்கென்று வைத்த தென்னந்தும்பு ஒரு கடகம் நிறையக் கிடந்தது.

பிறகு மிச்ச வதைகளையும் எடுத்தார். குஞ்சு இருந்த வதையும் போயிற்று. வெள்ளைப் புழுக்கள் பனையோலைப் பாயில் விழுந்து நெளிந்தன. முட்டி நிறைந்தது. மாமா வாழையிலையால் வாயைக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போனார்.

குளிர்த்தி அன்றைக்கு மாமா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மடைக்கு முன்னால் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கலியாணம் முடித்து வந்து பதினாறு வருஷத்தில் அப்பா அந்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அவருடைய நெற்றி வேர்த்துப் பளபளத்தது. நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷந்தான்.

ஆனியில் கச்சான், அந்த வறண்ட மேல்காற்று, அடிக்கத் தொடங்கியது. பூவெல்லாம் கருகிற்று. பூச்சிகள் வெறும் சட்டங்களில் இரண்டு விரல் அகலத்துக்குப் புது வதை கட்டப் பார்த்தன, முடியவில்லை. பெட்டிக்கு முன்னால் ஒவ்வொரு காலையும் செத்துக் கிடந்தன. சிரட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவற்றைப் பொறுக்கி மண்ணில் புதைத்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் சத்தம் இல்லை. மூடியைத் தூக்கினேன். மூலையில் பல்லி ஒன்று இருந்தது.

ஆடி மாதம் போதனாசிரியர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெரிய உத்தியோகத்தர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார், எங்கள் பெட்டியைக் காட்டுவதற்கு. வெறும் பெட்டியைக் கண்டதும் போதனாசிரியருடைய முகம் இறுகிப்போயிற்று. சட்டங்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முழுவதையும் வெட்டியது யார், புத்தகத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்ததே என்று கேட்டார். அப்பா நின்றார், மாமா நின்றார். வேலியோரம் ஊராட்கள் பத்துப் பேர் நின்றார்கள். நான் முந்திரிகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா காலால் மணலைக் கீறினார். பிறகு சொன்னார்.

"நான் எழுத்துத் தெரியாதவன் ஐயா. புள்ள வாசிச்சபடிதான் செய்த. புள்ளதான் பிழையா வாசிச்சித்து."

போதனாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தைக் கொண்டுவா, பார்ப்போம் என்றார். புத்தகம் எரிந்துபோனது என்று அப்பா சொன்னார். அதற்கு அவர், கையில் வைத்திருந்த பத்திரிகையை மடித்து என்னிடம் நீட்டி, "இதில ரெண்டு வரி வாசி மகள்" என்றார். எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்திருப்பார்.

தாளைப் பிடித்தேன். எழுத்தெல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்து. ஆனால் என் காதுக்குள் அப்பா சொன்னதே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் எழுத்தைச் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வேலியோரம் யாரோ சிரித்தார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவர் பெட்டிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டுவித்தார். அவர்கள் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபின், "இவளுக்கு எழுத்து ஏறல்ல. அடுப்படியில நிக்கட்டும்" என்றார். அப்பா பெட்டி நின்ற இடத்தில் கிடந்த நாலு சிரட்டைகளையும் கவிழ்த்து வைத்தார். அடுத்த திங்கட்கிழமைக்கு என்னுடைய பள்ளிக்கூடச் சட்டையை அம்மா துவைத்துக் கொடியில் போடவில்லை. பள்ளிக்கூடம் முடிந்தது.

நான் பிழையாக வாசித்தவள். அப்படியே வளர்ந்தேன். பாதி என்று என் நாக்கில் இருந்தாலும், அன்றைக்கு வாய் வேறேதோ வாசித்திருக்கும் என்று நம்பினேன். என்னால் ஒரு கூட்டம் பூச்சி செத்தது, அப்பா ஊருக்கு முன்னால் தலை குனிந்தார், அவருடைய ஒரே பொருள் போயிற்று. அந்தக் கடனுக்காக அவருக்குக் கடைசிவரை சோறு குழைத்துக் கொடுத்தேன், பீ மூத்திரம் அள்ளினேன். சாகும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் பார்த்தார் என்று அப்போது நினைத்தேன். சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு ஏழு மாதம் இருந்தது, படுத்த படுக்கையாக.

என் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஓலையை அவர்களைக் கொண்டே வாசிப்பித்தேன். மருந்துப் போத்தலை அயல்வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் ஊரில் காணாமல்போனவர்களின் பெயர்கள் மதிலில் ஒட்டியிருந்தபோது, என் கண் தானாக வாசித்து முடித்த பெயரைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத்தான் நம்பினேன். அது என் தம்பியின் மகனுடைய பெயர்.

சண்டை முடிந்து திரும்பி வந்து குடியிருக்கத் தொடங்கியபின், புருஷன் இல்லாத பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கோழி, தையல், தேன்பெட்டி என்று மூன்று சொன்னார்கள். கோழிக்கும் தையலுக்கும் ஆள் நிறைந்துவிட்டது. கை தூக்கத் தெரியாத என்னைத் தேன்பெட்டியில் போட்டுவிட்டார்கள். போன மாசியில் தகரக் கொட்டிலுக்குள் பயிற்சி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பெண்பிள்ளை வந்து சொல்லித் தந்தாள். கடைசி வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தேன் எடுக்கிற இடத்துக்கு வந்தாள்.

"பாதி வதைய அதுகளுக்கு விட்டிடவேணும் அம்மா. முழுக்க எடுத்தீங்க எண்டா கச்சானுக்குத் தீனில்லாமக் கலைஞ்சு போயிரும்."

நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை சொல்லு மகள் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னாள். அது எப்போதும் அப்படித்தானா, அந்தக் காலத்தில் வேறு மாதிரி இருந்ததா என்று கேட்டேன். பூச்சி எந்தக் காலத்திலும் ஒரே பூச்சிதானே அம்மா என்றாள்.

கொட்டிலை விட்டு வெளியே வந்து நேரே அக்கா வீட்டுக்கு நடந்தேன். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது, காதும் கண்ணும் நல்லாகவே இருக்கின்றன. வாசலில் குந்தியிருந்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: அந்தப் புத்தகத்தை நான் சரியாகத்தான் வாசித்தேன் அக்கா.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"அது எல்லாருக்கும் தெரியும்தானே புள்ள" என்றாள்.

யாருக்கு என்று கேட்டேன். மாமாவுக்கு, அம்மாவுக்கு, தனக்கு என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் இரண்டு தடவை வாசித்ததை எல்லோரும் நின்று கேட்டார்களாம். பத்திரிகையை வாசிக்கச் சொன்ன நாளில் அம்மா சோறு தின்னவில்லையாம். அப்படியென்றால் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று அக்காவும் நினைக்கவில்லை. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"சொன்னா மாமாட பிழையாப் போகும். இல்லாட்டி அப்பாட பிழையாப் போகும். அப்பா அந்த வீட்டில இருக்கவேணுமே. நீ சின்னப்புள்ள, உனக்கென்ன எண்டு விட்டிட்டம்."

கிழங்கு தின் என்று ஒரு துண்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. இரண்டு மாதமாக அந்த வாசலை மிதிக்கவும் இல்லை. வயது போன காலத்தில் என்ன கோபம் என்று ஆள் அனுப்புகிறாள். வந்த ஆளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்பா சொன்ன பொய்யை அன்றைக்கு அந்த வளவில் ஒருவரும் நம்பவில்லை. சொன்னவரும் நம்பவில்லை. நம்பியது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று மட்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய பிறகு அந்தப் பிள்ளை, கடையிலிருந்து சீனி சுற்றி வந்த தாளை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகும். முழங்காலில் விரித்துவைத்து, ஒவ்வோர் எழுத்திலும் விரலை வைத்து, என்னைக் காட்டிக்கொடுத்தது இதுவா, இல்லை இதுவா என்று தேடும். தாள் நனைந்து கிழியும் வரைக்கும் தேடும். எழுத்துகளைத்தான் அது சந்தேகப்பட்டது. "சோறு ஆறுது, வா புள்ள" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டவர்களைச் சந்தேகப்பட அதற்குத் தெரியவில்லை.